கோழியின் காயமும் மருத்துவத்தின் வரலாறும்



வரலாறு என்றவுடன் அரசர்களும் போர்களுமே உங்கள் நினைவுக்கு வரக்கூடும். இன்று நான் கூறவிருப்பது ஒரு கோழியின் காயத்தில் தொடங்கும் வரலாறு.

சென்ற ஆண்டு ஒரு விடியற்காலையில் எங்கள் வீட்டுக் கொல்லையில் பெருங்கூக்குரல் எழுந்தது. ஓடிச் சென்று பார்த்தேன். தெருநாய் ஒன்று வேலியைத் தாண்டி ஓடிற்று. எங்கள் பெட்டைக்கோழி கிணற்றடியில் ஒடுங்கிக் கிடந்தது. அதன் முதுகுத் தோல் உள்ளங்கை அகலத்திற்குக் கிழிந்து, சிவந்த தசை வெளியே தெரிந்தது. பக்கத்து வீட்டு அன்பர் ஒருவர் மண்ணெண்ணெய்ப் புட்டியுடன் விரைந்து வந்தார். “ஐயா, இதை ஊற்றிவிடுங்கள், புழு வைக்காது” என்றார். நல்லெண்ணத்தோடுதான் கூறினார். ஆயினும் என் கை அதனை வாங்க மறுத்தது.

அதற்குக் காரணம் உண்டு. 1970-ஆம் ஆண்டு எனக்கு வயது பத்து. என் பாட்டியார் வளர்த்த கோழி ஒன்றைக் கீரி கடித்துவிட்டது. பெரியவர்கள் வயலுக்குச் சென்றிருந்தனர். மாட்டின் புண்ணுக்கு மண்ணெண்ணெய் ஊற்றுவதைக் கண்டிருந்த நான், அக்கோழியின் காயத்திலும் ஊற்றினேன். அது என் மடியில் துடித்தது. எரிந்தால்தான் மருந்து வேலை செய்யும் என்று நம்பி மேலும் ஊற்றினேன். இரண்டாம் நாள் இரவு அது இறந்தது. கீரி கொன்றது என்றே வீட்டார் அனைவரும் கூறினர். நானும் அவ்வாறே எண்ணிக்கொண்டேன். பல ஆண்டுகளுக்குப் பின், ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியின் நூலகத்தில் ஒரு பிரெஞ்சு இரண வைத்தியரைப் பற்றிப் படித்தபோதுதான், கொன்றது கீரியா, என் மருந்தா என்னும் ஐயம் முதன்முதலாக எழுந்தது.

அவர் பெயர் அம்புரோவாஸ் பாரே. பதினாறாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் முடி திருத்துவோரே பெரும்பாலும் இரண வைத்தியமும் செய்தனர். நம் நாட்டிலும் அவ்வழக்கம் இருந்தது. பாரேயும் அவ்வாறு தொழில் கற்றவரே. 1537-ஆம் ஆண்டை ஒட்டி, பிரெஞ்சுப் படையுடன் அவர் இத்தாலியின் துரின் நகர்ப் பக்கம் சென்றார். துப்பாக்கிக் காயத்தில் வெடிமருந்தின் நஞ்சு கலந்திருக்கும் என்றும், கொதிக்கும் எண்ணெயை ஊற்றினால்தான் அந்நஞ்சு முறியும் என்றும் அந்நாளைய மருத்துவ நூல்கள் விதித்திருந்தன. பாரேயும் நூல் சொன்னபடியே செய்துவந்தார். ஒருநாள் எண்ணெய் தீர்ந்துவிட்டது. காயமுற்றோரோ இன்னும் பலர் இருந்தனர். வேறு வழியின்றி முட்டையின் மஞ்சட்கரு, ரோஜாத் தைலம், கர்ப்பூரத் தைலம் ஆகியவற்றைக் கலந்து எஞ்சியோருக்குத் தடவினார்.

அன்றிரவு அவருக்கு உறக்கம் வரவில்லை. எண்ணெய் ஊற்றப்படாதவர்கள் விடிவதற்குள் நஞ்சேறி மாண்டிருப்பார்களோ என்று அஞ்சினார். பொழுது புலருமுன் எழுந்து சென்று பார்த்தார். கலவை தடவப் பெற்றவர்கள் வலியும் வீக்கமும் குறைந்து நன்றாக உறங்கியிருந்தனர். கொதிக்கும் எண்ணெய் பெற்றவர்களோ காய்ச்சலும் பெருவலியும் கொண்டு, காயத்தைச் சுற்றி வீங்கிக் கிடந்தனர். இனி எவரையும் இவ்வாறு சுடுவதில்லை என்று பாரே அன்றே உறுதி பூண்டார். தாம் கண்டதை 1545-இல் நூலாகவும் வெளியிட்டார். இலத்தீன் மொழியில் அன்று, எளியோர்க்கும் விளங்கும் பிரெஞ்சு மொழியில்.

காயம் ஏன் சீழ் பிடிக்கிறது என்பது பாரேக்குத் தெரியாது. அதற்கு விடை காண மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அழுகலுக்குக் காரணம் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் என்று லூயி பாஸ்டர் விளக்கியதைப் படித்த ஜோசப் லிஸ்டர், 1865 ஆகஸ்டில் கிளாஸ்கோ நகரில் ஒரு சோதனை செய்தார். வண்டிச் சக்கரம் ஏறிக் காலெலும்பு முறிந்து, தோலும் கிழிந்த பதினொரு வயதுச் சிறுவன் ஒருவனுக்குக் கார்பாலிக் அமிலம் தோய்ந்த துணியால் கட்டுப் போட்டார். அத்தகைய காயமுற்றோர் காலையோ உயிரையோ இழப்பது அந்நாளில் இயல்பு. ஆறு வாரங்களில் அச்சிறுவனின் எலும்பு கூடிற்று.

ஆயினும் கிருமியைக் கொல்லும் மருந்து உடலின் உயிரணுக்களையும் கொல்லக்கூடும் என்னும் உண்மை எஞ்சி நின்றது. முதல் உலகப் போரின்போது பிரான்சின் பூலோன் நகரில் பணியாற்றிய அலெக்சாண்டர் ஃபிளெமிங், ஆழமான காயங்களில் ஊற்றப்படும் கடுமையான மருந்துகள் மூலை முடுக்குகளில் உள்ள கிருமிகளை எட்டுவதில்லை என்றும், அவற்றோடு போரிடும் வெள்ளணுக்களையே அழிக்கின்றன என்றும் காட்டினார். அவரும் அவர் தலைவர் ஆல்ம்ராத் ரைட்டும் காயத்தை உப்பு நீரால் கழுவுவதையே வற்புறுத்தினர்.

இவ்வளவு வரலாறும் அன்று காலை என் கிணற்றடியில் பயன்பட்டது. தூய துணியால் மெல்ல அழுத்திக் குருதியை நிறுத்தினேன். பறவைக்கு நம்மைப் போல் உதரவிதானம் இல்லை. மார்பெலும்பு அசைந்தால்தான் மூச்சு விட இயலும். ஆதலின் மார்பை இறுக்காமல் துணியில் சுற்றிப் பிடித்தேன். கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் 9 கிராம் உப்பிட்டு, மண்ணும் இறகும் நீங்குமளவும் காயத்தில் ஊற்றிக் கழுவினேன். சுற்றியிருந்த இறகுகளைப் பிடுங்காமல் கத்தரித்தேன். சிவந்த புண்ணைக் கண்டால் மற்றக் கோழிகள் கொத்தும். ஈ மொய்த்தால் புழு வைக்கும். ஆகவே வீட்டினுள், வெதுவெதுப்பான இருண்ட பெட்டியில் அதனைத் தனியே வைத்து, குடிக்க நீர் கொடுத்தேன். என் கைகளையும் சோப்பிட்டுக் கழுவினேன்.

நாய்ப் பல் ஆழமாக இறங்கியிருக்கலாம் என்பதால், அன்று முற்பகலே கால்நடை மருத்துவரிடம் எடுத்துச் சென்றேன். அவர் காயத்தை ஆராய்ந்து மருந்தளித்தார். மருந்து உண்ணும் கோழியின் முட்டையைக் குறிப்பிட்ட நாள்வரை உண்ணலாகாது என்றும் எச்சரித்தார். பறவையின் சீழ் நம்முடையதைப் போல் வழிந்தோடாது, பாலாடைக்கட்டி போல் இறுகி நிற்கும் என்று அவர் கூறியபடியால், நாள்தோறும் அதனைத் தேடிப் பார்த்தேன். நான்காம் வாரத்தில் புதிய தோல் மூடிற்று. பின்னர் இறகும் முளைத்தது.

பக்கத்து வீட்டு அன்பர் அடிக்கடி வந்து பார்ப்பார். ஒருநாள், “வெறும் உப்புத் தண்ணீரா, ஐயா!” என்று வியந்தார்.

மாணவச் செல்வங்களே, பத்து வயதில் எனக்கு அக்கோழியின்மேல் அன்பில்லாமல் இல்லை. என் மடியில் அது துடித்ததைக் கண்டும், அத்துடிப்பு கூறியதைக் கேளாமல் கேள்விப்பட்டதையே நம்பினேன். பாரேயும் முதலில் நூல் கூறியதையே நம்பினார். ஆனால் விடியுமுன் எழுந்து சென்று, தம் கண்ணால் கண்டு, இரு சாராரையும் ஒப்பிட்டு, தம் தவற்றைத் திருத்திக்கொண்டார். அந்த விடியற்காலையை நீங்கள் நினைவில் கொள்ள வேண்டும் என்பதே என் விருப்பம்.