நிழற்படத்தில் நீல வர்ணம்: பொன்னும் இரும்பும்

பட்டுக்குச் சாயம் தோய்ப்பதைத் தலைமுறை தலைமுறையாகப் பழகிய காஞ்சிபுரத்துச் சீமையிலே, வராகீசுவரர் ஆலயமும் பரந்த ஏரியும் விளங்கும் தாமலில் இருந்துகொண்டு, கையால் ஆக்கிய நிழற்படங்களுக்கு நீல வர்ணம் ஏற்றிப் பார்க்க விழையும் ஒருவர், அந்த நீலம் நிழற்படக் காகிதத்துக்கு வருமுன்பே பட்டுக்கு வந்துவிட்டது என்பதை முதலில் அறிந்துகொள்ளல் நலம். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லின் நகரில் தற்செயலாகத் தோன்றிய பிரஷ்ய நீலத்தைக் கொண்டு சாயமிடப் பிரெஞ்சு இரசாயனி மக்கேர் 1749-இல் முயன்றார். 1811-ஐ ஒட்டி லியோன் நகரத்து ரேமோன், பட்டை இரும்பு உப்பில் ஊறவைத்துப் பின்பு பொட்டாசியம் ஃபெர்ரோசயனைடில் தோய்த்து, இழைக்குள்ளேயே நீலம் விளையுமாறு செய்து அம்முயற்சியை நிறைவேற்றினார். அதே நீலத்தைச் சூரிய வெளிச்சமே விளைவிக்கும்படி செய்து, ஜான் ஹெர்ஷல் 1842-இல் சயனோடைப் என்னும் அச்சு முறையைத் தோற்றுவித்தார்.

தமிழகத்துப் பழைய நிழற்படங்களுக்குள் புகுந்தாலோ, நாம் எதிர்கொள்வது பொன்னையே. சென்னை இராஜதானியின் அரசாங்க நிழற்படக்காரராக 1856-இல் நியமனம் பெற்ற காப்டன் லினேயஸ் டிரைப், 1857-இன் இறுதியிலும் 1858-இலுமாக ஸ்ரீரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் முதலிய இடங்களில் யாத்திரை செய்தபோது, மெழுகூட்டிய காகிதத்தில் நெகடிவ் எடுத்து, வெள்ளி உப்புப் பூசிய காகிதத்தில் வெயிலில் அச்சிட்டு, அச்சுகளைப் பொன் உப்புக் கரைசலில் தோய்த்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்துக் கல்வெட்டு வரிசையை 21 அச்சுகளாக எடுத்து, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக அவர் இணைத்துக் காட்டியதை எண்ணும்போது, எழுத்து மங்காமல் நிற்க வேண்டுமென்ற சிரத்தை அவருக்கு எவ்வளவு இருந்திருக்கும் என்பது விளங்கும். அச்சுகள் மங்குவதன் காரணங்களை ஆராய்வதற்கென்று லண்டன் நிழற்படச் சங்கம் நியமித்த குழு, 1855-இலேயே பொன்னேற்றத்தைச் சிபாரிசு செய்திருந்தது. செலவு மிகுதி கருதி அரசாங்கம் டிரைப்பின் நிலையத்தை 1860-இல் மூடிவிட்டது.

வெயிலில் அச்சான வெள்ளியின் துகள்கள் மிக நுண்ணியவை. ஆதலால் அச்சு செங்கல் நிறம் கலந்த பழுப்பாகவே தோன்றும். பொன் அத்துகள்களின்மேல் படியப் படிய, பழுப்பு ஊதாவாகி, இன்னும் நீடித்தால் நீலம் தோய்ந்த சாம்பல் நிறத்தை நாடும். அக்காலத்து அச்சுக்காரர் நாடியது ஸ்திரத்தன்மை. குளிர்ந்த வர்ணம் அதனோடு கூட வந்த பேறு. பிற்காலத்து இரும்பு நீலமேற்றலில் இந்த முறைமை தலைகீழாயிற்று என்பதே என் துணிபு: அங்கே வர்ணமே நோக்கம், ஸ்திரத்தன்மை அதற்குச் செலுத்தும் விலை.

இரும்பின் செயலைத் தட்டில் அருகிருந்து பார்த்தால் இது தெளிவாகும். ஃபெர்ரிசயனைடு படத்தின் வெள்ளியைத் தாக்கி வெள்ளி ஃபெர்ரோசயனைடாக மாற்ற, அமிலம் கலந்த கரைசலிலுள்ள ஃபெர்ரிக் அம்மோனியம் சிட்ரேட் அந்த ஃபெர்ரோசயனைடோடு கூடி, வெள்ளி நின்ற இடத்திலேயே நீலத்தைப் படியவைக்கிறது. பழுப்பு முதலில் பச்சை கலந்து கலங்கி, பின்பு நிழற்பகுதிகள் கருநீலமாகச் செறியும். வெண்மையாய் இருக்கவேண்டிய காகிதமோ மஞ்சள் பூத்துவிடும். அந்த மஞ்சளைப் போக்கும் கழுவுதலில்தான் சோதனை முழுவதும் அடங்கியிருக்கிறது: குறைவாகக் கழுவினால் கறை நிற்கும், சுண்ணாம்பும் காரமும் மிகுந்த கிணற்று நீரில் நெடுநேரம் இட்டால் நீலமே கரைந்து வெளிறும். கழுவு நீரில் சில துளி வினிகர் சேர்ப்பது இதற்கு நல்ல பரிகாரம். முன்பே பொன் பூண்ட வெள்ளியை ஃபெர்ரிசயனைடு எளிதில் தீண்டாதாகையால், சிறிதளவு பொன்னேற்றிய பின் இரும்பில் இட்டு, ஒரே படத்தில் இரு வர்ணங்களைப் பெறுவதும் சாத்தியமே. என் அபிப்பிராயத்தில் இத்துறையில் மிகுந்த பயன் தரக்கூடிய பிரயோகம் இதுதான்.

பட்டின்மேல் சயனோடைப் அச்சிடுவோர்க்குக் காரத்தைப் பற்றிய எச்சரிக்கை இரட்டிப்பாகும். கச்சாப் பட்டின் பசையை நீக்கச் சோப்பும் சோடாவும் இட்டு வேகவைப்பது சாயத்தொழிலில் வழக்கம். அந்தக் காரம் இழையில் எஞ்சியிருக்குமாயின், சயனோடைப் கரைசல் பூசிய பட்டில் எத்தகைய வெயிலிலும் நீலம் திடமாகப் பிடிக்காது. நூலை எத்தனை நீரில் அலசினால் இழை சுத்தமாகும் என்பதைக் கைப்பழக்கத்தால் அறிந்த சாயக்காரர்களை இத்துறையில் ஈடுபடுவோர் நாடிக் கேட்பது அவசியம்.

ஆகவே, நீலமேற்றிப் பார்ப்போர் ஒவ்வோர் அச்சின் பின்புறத்திலும் அது பொன் நீலமா இரும்பு நீலமா என்பதையும், எந்த நீரில் எவ்வளவு நேரம் கழுவினார்கள் என்பதையும் பென்சிலால் குறித்துவைக்க வேண்டும். வெள்ளிப் படங்களுக்கென்று ஆவணக் காப்பகங்களில் வழங்கும் காரம் சேர்த்த காகித உறைகள் பிரஷ்ய நீலத்துக்கு ஆகா. இரும்பு நீலம் ஏறிய படங்களை, அமிலமும் காரமும் சேராத நடுநிலைக் காகிதத்தில் தனியே சுற்றி வையுங்கள்.