பலத்த காற்றில் டிங்கிப் பந்தயம்: கயிற்றை விடத் தெரிந்தவரே முந்துகிறார்

டிங்கி என்பது ஒருவரோ இருவரோ செலுத்தும் சிறு பாய்மரப் படகு. இயந்திரம் கிடையாது. பெரிய பாய்மரப் படகுகளைப் போல அடியில் ஈயமோ இரும்போ பொருத்திய கனமும் கிடையாது. காற்று பாயை ஒரு பக்கமாகத் தள்ளும்போது படகைக் கவிழாமல் வைத்திருப்பது ஓட்டுபவரின் உடல் எடை மட்டுமே. இதமான காற்றில் பொழுதுபோக்கு போலத் தெரியும் இந்த விளையாட்டு, காற்று பலத்ததும் வேறு முகம் காட்டுவது அதனால்தான்.

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பிள்ளைகள் பெரும்பாலும் முதலில் ஏறுவது ஆப்டிமிஸ்ட் என்ற பெட்டி வடிவப் படகில். 1947இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் கிளார்க் மில்ஸ் வடிவமைத்தது அது. 35 கிலோ எடை. 15 வயது வரை அதில் போட்டியிடலாம். பிறகு பலரும் மாறுவது முன்பு லேசர் என்றும் இப்போது ஐ.எல்.சி.ஏ. என்றும் அழைக்கப்படும் ஒற்றையாள் படகுக்கு. 4.2 மீட்டர் நீளம், 59 கிலோ எடை. அடிமரத்தையும் பாயையும் மாற்றினால் ஒரே படகு மூன்று வகைப் போட்டிக்கு உதவும்: ஐ.எல்.சி.ஏ. 7க்கு 7.06 சதுர மீட்டர் பாய், 6க்கு 5.76, 4க்கு 4.7.

இந்தப் படகில் தமிழர் பெயர்களும் உண்டு. 2023இல் நடந்த ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் ஐ.எல்.சி.ஏ. 7 பிரிவில் சிங்கப்பூரின் ரயன் லோ தங்கம் வென்றபோது, வெண்கலம் வேலூரைச் சேர்ந்த விஷ்ணு சரவணனுக்குக் கிடைத்தது. ஒலிம்பிக் பாய்மரப் படகோட்டத்துக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் சென்னையின் நேத்ரா குமணன்.

கடலில் காற்றை ‘நாட்’ கணக்கில் சொல்வார்கள். ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கிலோமீட்டர். காற்று 10 நாட்டிலிருந்து 20 நாட்டுக்கு ஏறினால் பலமும் இரண்டு மடங்காகும் என்றுதான் யாருக்கும் தோன்றும். பாயின்மீது விழும் அழுத்தமோ நான்கு மடங்காகிவிடுகிறது. ஓட்டுபவரின் எடை மட்டும் அதே 70, 80 கிலோதான்.

ஒரே சீராக வீசும் 20 நாட் காற்றுக்குக்கூட உடம்பு பழகிவிடும். பழகவிடாதது விட்டுவிட்டு அடிக்கும் காற்று. 15 நாட்டில் ஓடிக்கொண்டிருக்கும் படகின்மீது திடீரென 25 நாட் அடித்தால், சில நொடிக்குள் அழுத்தம் கிட்டத்தட்ட மூன்று மடங்காகிறது. அது ஓய்ந்ததும், வெளியே சாய்ந்து தொங்கிக்கொண்டிருந்தவர் எதிர்ப்பக்கமாகத் தண்ணீரில் விழப்போகிறார்.

நம் வட்டாரக் கடலில் இது அரிதல்ல. ஏப்ரல் முதல் நவம்பர் வரை, விடியலுக்கு முன்போ காலையிலோ மலாக்கா நீரிணையைத் தாண்டி வரும் சுமத்ரா சூறைக்காற்று மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் அடிக்கக்கூடும். மேற்கே கருமேகம் சுவர்போல எழுந்து வந்தால், அது பந்தயத்துக்கான காற்று அல்ல. கரைக்குத் திரும்பச் சொல்லும் காற்று. மின்னலும் சேர்ந்தே வரும்.

பந்தயக் காற்று எனலாம் என்ற அளவில் இருக்கும்போது என்ன செய்கிறார்கள்? எதிர்க்காற்றில் ஏறும்போது படகோட்டிகள் கால்களைப் படகின் நடுவிலுள்ள பட்டைக்குள் கொடுத்து, உடம்பை முழுவதும் வெளியே நீட்டிச் சாய்வார்கள். ஹைக்கிங் என்பது இதுதான். தொடையும் வயிறும் எரியும். ஆனால் வலிமை மட்டும் போதாது. கண் எப்போதும் காற்று வரும் திசையிலேயே இருக்க வேண்டும். பலத்த வீச்சு வரும் இடத்தில் நீர்ப்பரப்பு கருத்துச் சிலிர்த்துக்கொண்டு நகரும். அது படகைத் தொடும் நொடியிலேயே பாய்க்கயிற்றைக் கொஞ்சம் தளர்த்தி, உடம்பை வெளியே தள்ளி, படகு நிமிர்ந்து பாய்ந்ததும் கயிற்றை மறுபடி இழுக்க வேண்டும். (பழைய தமிழ்க் கப்பல் வழக்கில் இந்தக் கயிற்றுக்குத் ‘தாமான்’ என்று பெயர். நாம் குடியிருக்கும் தாமானுக்கும் இதற்கும் தொடர்பில்லை.)

புதியவர்கள் தவறுவது இங்கேதான். கயிற்றை விட்டால் வேகம் போய்விடும் என்று பயந்து இறுக்கிப் பிடிப்பார்கள். படகு சாயும். சாய்ந்த படகு தானாகக் காற்றை நோக்கித் திரும்பப் பார்க்கும்; அதைத் தடுக்கச் சுக்கானை முழுப் பலத்தோடு இழுக்க வேண்டும். அப்படி இழுத்த சுக்கான் தண்ணீரில் பிரேக் போட்டதுபோல ஆகிவிடும். நடுவில் செருகிய பலகையும் சாய்ந்துவிடுவதால் படகு பக்கவாட்டில் வழுக்கும். அதே வீச்சில் ஒரு முழம் கயிறு விட்டுப் படகைத் தட்டையாக வைத்திருந்தவர் முன்னே போய்விட்டிருப்பார். பலத்த காற்றில் தேவைக்குமேல் சக்தி கிடைக்கிறது. உபரியைக் கொட்டிவிடுவதுதான் வேலை. பாயின் குறுக்குத்தண்டைக் கீழே இழுக்கும் ‘வேங்’ கயிற்றையும், பாயின் முன்விளிம்பை இழுக்கும் ‘கன்னிங்ஹாம்’ கயிற்றையும் முன்கூட்டியே இறுக்கிப் பாயைத் தட்டையாக்குவதும் இதற்காகவே.

ஆப்டிமிஸ்ட் பிள்ளைகளுக்கு இன்னொரு வேலையும் உண்டு. அலை உள்ளே அடிக்கும் நீரை அவர்களே வாரி இறைக்க வேண்டும். நீர் நிறைந்த ஆப்டிமிஸ்ட் ஓடாது. இறைக்கும் குவளையைப் படகோடு கட்டாமல் கிளம்பினால், முதல் கவிழ்விலேயே குவளை போய்விடும்.

காற்று முதுகில் வீசும்போது எல்லாம் எளிது என்று கரையிலிருந்து பார்ப்பவருக்குத் தோன்றும். கவிழ்வதற்கு அதிக வாய்ப்பு அங்கேதான். பாயை அளவுக்கு மீறி வெளியே விட்டு, வேங்கையும் தளர்வாக வைத்திருந்தால், பாயின் மேல்பகுதி முன்பக்கமாக முறுக்கிக்கொண்டு படகை ஓட்டுபவர் உட்கார்ந்திருக்கும் பக்கமே உருட்டிவிடும். படகு இப்படியும் அப்படியும் ஆடத் தொடங்கியதும் கயிற்றைச் சட்டென உள்ளே இழுத்து, சற்றே காற்றை நோக்கித் திருப்பினால் பிழைக்கலாம். வேங்கை மிகவும் இறுக்கினாலும் ஆபத்து; குறுக்குத்தண்டு அலையில் இடித்து மறுபக்கம் கவிழும்.

பாயை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் மாற்றும் ‘ஜைப்’ தான் பலரை நனைக்கிறது. பயத்தில் மெதுவாகப் போகும்போது மாற்றக் கூடாது. அலைமுகத்தில் படகு சறுக்கி முழு வேகத்தில் ஓடும்போதுதான் மாற்ற வேண்டும். படகு காற்றோடு சேர்ந்து ஓடுவதால் பாய் உணரும் காற்று அப்போதுதான் குறைவு. நம்பிக்கை இல்லாதவர் எதிர்க்காற்றுப் பக்கமாக ஒரு முழுச் சுற்றுச் சுற்றி வரலாம். சில மீட்டர் நஷ்டம்தான். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கவிழ்ந்தால் போவது நிமிடக்கணக்கு.

கவிழ்ந்துவிட்டால் படகை விட்டு நீந்தவே கூடாது. ஆளில்லாத படகு நீந்துபவரைவிட வேகமாகக் காற்றோடு போய்விடும். விழும்போதே ஒரு கயிற்றைப் பிடித்திருப்பது நல்லது. பாய்க்கயிற்றைத் தளர்த்தி, நடுப்பலகைமீது ஏறிச் சாய்ந்தால் படகு நிமிரும். கயிறு இறுகியபடியே நிமிர்த்தினால் உடனே மறுபடி கவிழும்.

இதையெல்லாம் அறிந்தவர்களையும் கடல் தோற்கடித்த நாள் 1988 செப்டம்பர் 24. சோல் ஒலிம்பிக்கின் படகோட்டப் போட்டிகள் புசானில் நடந்துகொண்டிருந்தன. 15 நாட்டளவில் இருந்த காற்று 35 நாட்வரை ஏறியது. 470 வகைப் படகில் போட்டியிட்ட சிங்கப்பூரின் ஜோசப் சானும் சியூ ஷோ ஹெரும் கவிழ்ந்தார்கள். ஒருவர் புரண்ட படகைப் பற்றிக்கொண்டிருந்தார். இன்னொருவரை நீரோட்டம் இழுத்துச் சென்றிருந்தது. பக்கத்துத் தடத்தில் ஃபின் வகைப் படகில் ஒற்றையாளாகப் போட்டியிட்ட கனடாவின் லாரன்ஸ் லெமியூ அப்போது இரண்டாமிடத்தில் இருந்தார். பதக்கம் கைக்கு எட்டும் தூரம். அவர் தடத்தை விட்டு விலகி, முதலில் தனித்து மிதந்தவரையும் பிறகு மற்றவரையும் தம் படகுக்கு ஏற்றி, கொரியக் கடற்படைப் படகு வரும்வரை காத்திருந்தார். அதற்குள் மற்றவர்கள் முந்திவிட்டனர். நடுவர் குழு அந்த ஓட்டத்தில் அவருக்கு இரண்டாமிடத்தையே திருப்பித் தந்தது. மொத்தப் போட்டியில் அவர் 11ஆவது. விளையாட்டுப் பண்புக்கான தனிப் பதக்கமும் அவருக்குக் கிடைத்தது. அதே நாளில் 100 மீட்டர் ஓட்டத்தில் உலகையே வியக்கவைத்து, பின்னர் ஊக்கமருந்துக்காகத் தங்கத்தை இழந்த பென் ஜான்சனும் கனடாக்காரர்தான். உலகம் நினைவில் வைத்திருப்பது பெரும்பாலும் அவரைத்தான்.

லெமியூவின் செயல் பெருந்தன்மை என்பதோடு நிற்கவில்லை. ஆபத்தில் இருப்பவருக்கு இயன்ற எல்லா உதவியும் செய்ய வேண்டும் என்பது உலகப் படகுப் பந்தய விதிகளின் தொடக்கத்திலேயே உள்ளது. உதவியதால் இடம் இழந்தவர் நிவாரணம் கேட்கலாம். கூடவே இன்னொரு விதி: கிளம்புவதா, தொடர்ந்து ஓடுவதா என்ற முடிவு படகோட்டியுடையது மட்டுமே. ஏற்பாட்டாளர் பந்தயத்தைத் தொடங்கிவிட்டார் என்பதற்காகக் கடல் பாதுகாப்பானது என்று பொருளல்ல. முடியாது என்று தோன்றினால் 12 வயதுப் பிள்ளையும் கரைக்குத் திரும்பலாம்.

கரையில் நிற்கும் பெற்றோர் மூன்று கொடிகளை அறிந்திருந்தால் போதும். சிவப்பும் வெள்ளையும் நெடுக்குப் பட்டைகளாக இருந்தால் தொடக்கம் தள்ளிவைக்கப்பட்டுள்ளது. மஞ்சளும் சிவப்பும் சாய்ந்த கோடுகளாக இருந்தால் உயிர்காப்பு அங்கி கட்டாயம். பிள்ளைகளுக்கு அது கொடி இல்லாமலும் கட்டாயமாகவே இருக்கட்டும். நீலமும் வெள்ளையும் சதுரங்கக் கட்டம்போல ஏறி, மூன்று முறை ஒலி எழுந்தால், ஓடிக்கொண்டிருக்கும் பந்தயம் கைவிடப்பட்டது. அதுவரை யார் முன்னே இருந்தார் என்பது கணக்கில் வராது.