டிஜிட்டல் கைது

டிஜிட்டல் கைது என்பது காவல் துறை, சிபிஐ, அமலாக்கத் துறை, சுங்கத் துறை அதிகாரிகள்போல் நடித்து, ஒருவரை வீடியோ கால் வழியாகவே “கைது” செய்துவிட்டதாக நம்பவைத்துப் பணம் பறிக்கும் மோசடி. இந்தியாவில் 2023க்குப் பிறகு பெருகிய இதில் ஓய்வூதியர்களும் தனித்து வாழும் முதியோரும் அதிகம் சிக்குகிறார்கள். பெயரில்தான் கைது இருக்கிறதே தவிர, இந்தியச் சட்டம் எதிலும் இப்படியொரு கைது கிடையாது.

தொடக்கம் பெரும்பாலும் சாதாரணமாக இருக்கும். “உங்கள் செல்போன் இணைப்பு இரண்டு மணி நேரத்தில் துண்டிக்கப்படும், விவரம் அறிய எண் 9ஐ அழுத்தவும்” என்று பதிவுக் குரல் ஒன்று பேசும். அல்லது உங்கள் ஆதார் எண்ணில் மும்பையிலிருந்து போன கூரியர் பார்சலில் போதைப்பொருள் பிடிபட்டதாக ஒருவர் சொல்வார். பதறிப்போய் மறுப்பவரிடம், “அப்படியானால் புகார் கொடுத்துவிடுங்கள், இணைப்புத் தருகிறேன்” என்று உதவி செய்வதுபோல் அழைப்பை மாற்றிவிடுவார். மறுமுனையில் காக்கிச் சட்டை, பின்னால் அசோகச் சின்னம், மேசையில் கொடி. அடுத்த சில நிமிடங்களில் முத்திரை குத்திய கைது ஆணை வாட்ஸ்அப்பில் வந்து விழும்.

அதன் பிறகுதான் நிபந்தனைகள். கேமராவை அணைக்கக் கூடாது. அறையை விட்டு வெளியேற அனுமதி கேட்க வேண்டும். இது தேசப் பாதுகாப்பு சம்பந்தப்பட்ட ரகசிய விசாரணை, மனைவியிடமோ பிள்ளைகளிடமோ மூச்சு விடக் கூடாது. கடைசியாக வருவது பணம்: கணக்கில் இருப்பதை எல்லாம் “சரிபார்ப்புக்காக” அரசுக் கணக்குக்கு மாற்ற வேண்டும், குற்றமற்றவர் என்று தெரிந்ததும் திரும்பி வந்துவிடும். வங்கிக்குப் போனால் என்ன பேச வேண்டும் என்பதையும் சொல்லிக்கொடுத்து அனுப்புகிறார்கள். “எதுக்கு சார் எஃப்டியை உடைக்கிறீங்க?” என்று கவுண்டரில் கேட்டால், “இடம் வாங்கப் போறோம்” என்பது மனப்பாடமான பதில்.

விவரம் தெரியாதவர்கள்தான் ஏமாறுகிறார்கள் என்ற எண்ணத்தை உடைத்தது லூதியானா வழக்கு. வர்த்மான் ஜவுளிக் குழுமத்தின் தலைவரும் பத்மபூஷண் விருது பெற்றவருமான எஸ். பி. ஓஸ்வால் 2024 ஆகஸ்டில் 7 கோடி ரூபாய் இழந்தார். அப்போது அவருக்கு வயது 82. இரவிலும் ஸ்கைப் கேமரா அவர்மேல் இருந்தது. உச்ச நீதிமன்ற விசாரணை என்ற பெயரில் ஒரு நாடகம் நடந்தது. அன்றைய தலைமை நீதிபதி சந்திரசூட் என்று சொல்லிக்கொண்ட ஒரு குரலும் சுத்தியல் தட்டும் சத்தமும் கேட்டன, முகம் தெரியவில்லை. இந்திய நீதிமன்றங்களில் நீதிபதிகள் சுத்தியல் தட்டுவதில்லை. அது நம் சினிமாக்காரர்கள் பழக்கிவைத்தது. மோசடிக்காரர்களும் அதே படங்களைத்தான் பார்த்திருக்கிறார்கள் போலும். புகார் கிடைத்ததும் பஞ்சாப் போலீஸ் வேகமாகக் கணக்குகளை முடக்கி 5.25 கோடி ரூபாயை மீட்டது.

முதியோரிடம் இந்த மோசடி பலிப்பதற்கு மறதியைக் காரணம் சொல்வது பொருந்தாது. ஒரு வழக்குகூட இல்லாமல் வாழ்ந்த மனிதருக்கு, வாசலில் போலீஸ் வந்து நிற்பதே பெரிய அவமானம். அரசாங்கக் கடிதம் என்றால் எழுந்து நின்று வாங்கிய தலைமுறை அது. பிள்ளைகள் வெளியூரில், வெளிநாட்டில். ஓய்வூதியப் பலன்கள் மொத்தமும் வைப்புநிதியில். பயம், மானம், தனிமை, கைவசம் பணம் ஆகிய நான்கும் ஒரே இடத்தில் கிடைப்பது மோசடிக்காரனுக்கு வசதி.

நாடாளுமன்றத்தில் மத்திய அரசு தந்த கணக்குப்படி, டிஜிட்டல் கைதும் அதையொட்டிய இணையக் குற்றங்களும் 2022இல் 39,925. பறிபோனது சுமார் 91 கோடி ரூபாய். 2024இல் அது 1,23,672 ஆகி, இழப்பு 1,935 கோடியைத் தாண்டியது. பிரதமர் மோடி 2024 அக்டோபர் 27 அன்று வானொலி உரையில் இதைப் பற்றி எச்சரித்தார். அம்பாலாவைச் சேர்ந்த முதிய தம்பதி, போலி உச்ச நீதிமன்ற ஆணையைக் காட்டித் தங்களிடம் ஒரு கோடி ரூபாய்க்கு மேல் பறித்துவிட்டதாக முறையிட்டதை அடுத்து, 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கெடுத்தது. டிசம்பர் 1 அன்று விசாரணை சிபிஐ வசம் சென்றது.

பேசுபவர்களில் சிலரே அடிமைகளாக இருக்கலாம் என்பது இதன் இன்னொரு பக்கம். வேலை தருவதாக ஏமாற்றப்பட்ட இளைஞர்கள் தென்கிழக்கு ஆசியாவின் மோசடி முகாம்களில் அடைத்துவைக்கப்படுகிறார்கள். தாய்லாந்தில் ஐடி வேலை என்று நம்பிப் போய் மியான்மரில் சிக்கிய 13 தமிழர்கள் 2022 அக்டோபரில் சென்னை திரும்பினர். பறித்த பணமோ, கமிஷனுக்காக வாடகைக்கு விடப்படும் ‘மியூல் அக்கவுண்ட்’டுகள் வழியாகச் சில மணி நேரத்தில் பல கை மாறிவிடுகிறது.

அடையாளம் காண்பதற்குச் சட்டமே ஓர் உரைகல். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது. அதன்படி அழைப்பாணையை மின்னணு முறையில் அனுப்ப இடமுண்டு. கைதுக்கு ஆள் நேரில் வந்தாக வேண்டும். கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். முக்கியமாக, கைதுச் செய்தியை உறவினருக்கோ நண்பருக்கோ போலீஸே தெரிவிக்க வேண்டும். வீட்டாரிடம் சொல்லாதே என்று ஒரு “அதிகாரி” சொன்ன கணமே அவர் அதிகாரி இல்லை என்று முடிவு கட்டிவிடலாம்.

ஆகவே வீட்டிலுள்ள இளையவர்கள் செய்ய வேண்டியது செயலிகளைப் பற்றி வகுப்பெடுப்பது அல்ல. இந்த ரகசியத்தை உடைப்பது. “யார் மிரட்டினாலும் போனை வெச்சிட்டு எனக்கு அடிங்கப்பா, நடுராத்திரியானாலும் பரவாயில்லை” என்று முன்கூட்டியே சொல்லிவைத்த வீட்டில் இந்த நாடகம் முதல் காட்சியோடு முடியும். பெரிய தொகையை எடுக்க வரும் முதியவரின் முகவாட்டத்தைக் கவனித்து, கேள்வி கேட்டுத் தடுத்த வங்கி ஊழியர்களும் இருக்கிறார்கள்.

பணம் போய்விட்டது என்று தெரிந்தால் உடனே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். பரிவர்த்தனை எண், தொகை, நேரம் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொள்வது நல்லது. தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணம் கைமாற உதவும். “இத்தனை வயசுக்கு இதுகூடவா தெரியாது?” என்ற ஏச்சுக்குப் பயந்து முதியவர் இரண்டு நாள் மறைத்தாலே மீட்கும் வாய்ப்பு பெருமளவு போய்விடும்.

மோசடிக்காரர்கள் தண்டிக்கப்பட்டதும் உண்டு. மேற்கு வங்கத்தின் கல்யாணி நீதிமன்றம் 2025 ஜூலையில், ஓய்வுபெற்ற விஞ்ஞானி ஒருவரிடம் டிஜிட்டல் கைது என்று மிரட்டி ஒரு கோடி ரூபாய் பறித்த வழக்கில் ஒன்பது பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது.