இராஜசிம்மனின் செவி

விழுப்புரம் மாவட்டத்துப் பனமலையில், ஏரியை அடுத்த குன்றின்மேல் நிற்கிறது தாளகிரீசுவரர் கோயில். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவன் இராஜசிம்மன் எடுப்பித்தது. அங்குள்ள ஓவியத்தில், குடைக்கீழ் ஒரு காலை மடித்துச் சாய்ந்து நின்று ஈசனின் ஆடலைக் காண்கிறாள் உமை. அந்த ஆடலுக்குரிய இசைதான் நமக்குக் கேட்பதில்லை.

அம்மன்னனோ தேர்ந்த செவியன். காஞ்சி கைலாசநாதர் கோயிலில் பொறிக்கப்பட்டுள்ள அவன் விருதுப்பெயர்களுள் வாத்ய வித்யாதரன், வீணா நாரதன், ஆதோத்ய தும்புரு என்பனவும் உண்டு. 1991இல் சென்ஹைசர் நிறுவனம் தன் விலையுயர்ந்த ஹெட்ஃபோனுக்கு, கிரேக்கப் புராணத்தின் யாழிசைஞன் ஆர்ஃபியஸின் பெயரைச் சூட்டியதும் இவ்வழக்கத்தை ஒத்ததே.

ஒலியை ஒப்பிட்டுத் தேர்வது நமக்குப் புதிதன்று. காந்தருவதத்தையோடு இசைப்போட்டிக்கு வரும் சீவகன், தனக்குத் தரப்பட்ட வீணைகளை ஆராய்ந்து, மரத்தின் குற்றங்களைச் சொல்லி விலக்குவதைச் சீவக சிந்தாமணியில் காண்கிறோம். இன்று ஹெட்ஃபோன்களை ஒப்பிடும் இசையன்பரும் குற்றம் தேடுகிறார். நேரில் கேட்ட வீணையின் நாதத்தைப் பதிவிலிருந்து எது மாசின்றித் தருகிறது என்பதே அவருடைய அளவுகோல்.

யாழுக்கு அந்த அளவுகோல் இல்லை. விபுலாநந்த அடிகள் 1947இல் வெளிவந்த 'யாழ் நூல்' வழியே அதன் வடிவையும் சுரக்கணக்கையும் மீட்டுத் தந்தார். அன்றைய கலைஞரின் விரலில் பிறந்த நாதத்தை எக்கணக்கும் மீட்காது. எத்துணை உயர்ந்த ஹெட்ஃபோனும் பதிவானதை மட்டுமே ஒலிக்கும். ஆதலின், கிராமத்துக் கோயில்களில் இன்னும் ஒலிக்கும் நாகசுரத்தையும் தவிலையும் செம்மையாகப் பதிந்து வைப்பதே நம் முதற்கடன் என்போம்.