சைக்காலஜி டிபார்ட்மெண்ட் பிறந்த கதை

சுந்தரபாண்டியபுரத்தில் பிளஸ் டூ முடித்த பெண் "சைக்காலஜி எடுக்கப்போறேன்" என்று சொன்னால் வீட்டில் இரண்டு கேள்விகள் வரும். "அதுக்கு என்ன வேலை கிடைக்கும்?" என்பது அப்பாவுடையது. "அது எந்தக் காலேஜ்ல இருக்கு?" என்பது அம்மாவுடையது. இரண்டாவது கேள்விதான் கடினம். தமிழும் வணிகவியலும் கணிதமும் இல்லாத கலைக் கல்லூரியைத் தேட வேண்டும்; உளவியல் இருக்கிற கல்லூரியையும் தேடத்தான் வேண்டும். இருக்கும் இடத்திலும் பெரும்பாலும் அது மாடிப்படி ஓரத்து அறையும், விரல்விட்டு எண்ணக்கூடிய ஆசிரியர்களுமாகத்தான் இருக்கும். இந்தத் துறை பிறந்ததே அப்படித்தான்.

தென்காசி வட்டாரக் கல்லூரிகள் சேர்ந்திருக்கும் பல்கலைக்கழகத்துக்கு மனோன்மணீயம் சுந்தரனாரின் பெயர். நாடகம் எழுதியவராகவே அவரை நமக்குத் தெரியும். சம்பளம் வாங்கியது திருவனந்தபுரத்தில் தத்துவப் பேராசிரியராக. அந்தக் காலத்தில் நினைவு, கவனம், உணர்ச்சி எல்லாம் தத்துவ வாத்தியாரின் பொறுப்பு. அவர் விளக்குவார், மாணவர் குறிப்பெடுப்பார். யாரும் எதையும் அளந்து பார்ப்பதில்லை.

அளக்கும் வேலையை ஜெர்மனியில் லைப்சிக் நகரத்தில் வில்ஹெல்ம் வுண்ட் தொடங்கினார். 1879இல் அவர் அமைத்த ஆய்வுக்கூடத்தில், ஒலி கேட்டதும் விசையை அழுத்த ஓர் ஆளுக்கு எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்பதுபோன்ற சின்னச் சின்னக் கேள்விகளைக் கருவி வைத்துக் கணக்கிட்டார்கள். மனத்தைப் பற்றிய பேச்சு ஆய்வுக்கூடம் ஏறியது அங்கேதான்.

இந்தியாவில் அதற்கு வழி திறந்தவர் ஒரு தத்துவ அறிஞர், பிரஜேந்திரநாத் ஸீல். 1905இல் கல்கத்தா பல்கலைக்கழகத்துக்காகச் சோதனை உளவியலுக்குப் பாடத்திட்டம் வரைந்தார். தாளில் பாடம் வந்துவிட்டது. நடத்த ஆள் இல்லை. 1916இல்தான் துறை நடக்கத் தொடங்கியது. பொறுப்பேற்றவர் நரேந்திரநாத் சென்குப்தா. ஹார்வர்டில் ஹியூகோ மூன்ஸ்டர்பெர்க்கிடம் படித்துத் திரும்பியவர். மூன்ஸ்டர்பெர்க் வுண்டின் மாணவர். ஆகவே நம் நாட்டின் முதல் உளவியல் துறை, குரு பரம்பரைக் கணக்கில், லைப்சிக்கின் பேரப்பிள்ளை. சென்குப்தாவுக்குப் பிறகு அங்கே தலைமை ஏற்ற கிரீந்திரசேகர் போஸ் தொழிலால் மருத்துவர். ஃபிராய்டுடன் கடிதம் எழுதி வாதாடியவர்.

ஸீல் 1921இல் மைசூர் பல்கலைக்கழகத்துக்குத் துணைவேந்தராகப் போனார். மூன்றே ஆண்டில், 1924இல், அங்கேயும் ஓர் உளவியல் துறை முளைத்தது. அதை நடத்த வந்த எம்.வி. கோபாலசுவாமி லண்டனில் சார்லஸ் ஸ்பியர்மனிடம் பயின்றவர். ஸ்பியர்மனும் வுண்டிடம் முனைவர் பட்டம் பெற்றவரே. கோபாலசுவாமிக்கு வானொலிக் கிறுக்கும் உண்டு. 1935இல் தன் வீட்டிலேயே ஒலிபரப்பு நிலையம் வைத்தார். 'ஆகாசவாணி' என்ற பெயர் அங்கிருந்துதான் புழக்கத்துக்கு வந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு முறை வந்தது 1943இல், ஜி.டி. போவாஸ் காலத்தில்.

இந்த வரிசையைப் பார்த்தால் ஒன்று புரியும். தத்துவ அறிஞர், மருத்துவர், வானொலிக்காரர் என்று துறையை உருவாக்கியவர்கள் யாரும் ஒரே அச்சில் வார்த்தவர்கள் இல்லை. ஆள் குறைவாக இருந்ததால் ஒவ்வொருவரும் எல்லாவற்றையும் நடத்தினார்கள். இன்றைய சிறு கல்லூரியிலும் அதே கதைதான். காலையில் புள்ளியியல் எடுக்கிற மேடமே மதியம் குழந்தை வளர்ச்சி எடுப்பார். சாயங்காலம் அழுதுகொண்டு வரும் பக்கத்துத் துறை மாணவிக்கு ஆறுதலும் சொல்வார்.

லைப்சிக்கின் சாயலைப் பார்க்க வேண்டுமானால் பிராக்டிகல் நாளில் அந்த அறைக்குப் போக வேண்டும். சோதனைக்கு உட்கார ஓர் ஆள் தேவை. முதலாண்டு மாணவி வராந்தாவில் போகிற சீனியரை மறிப்பாள். "யக்கா, பத்து நிமிஷம் வாங்களேன், சப்ஜெக்ட்டா உக்காரணும்." "ஊசி கீசி போடுவியாட்டி?" மேசைமேல் கண்ணாடி வைத்த பலகை. தாளில் இரட்டைக் கோட்டில் ஒரு நட்சத்திரம். கை நேராகத் தெரியாதபடி ஒரு மறைப்பு. கண்ணாடியில் தெரிவதை மட்டும் பார்த்து, இரண்டு கோட்டுக்கும் நடுவே பென்சிலை ஓட்ட வேண்டும். அக்காவின் கை மேலே போக நினைத்துக் கீழே இறங்கும். முனையில் மாட்டிக்கொண்டு நடுங்கும். கோட்டைத் தொட்டால் ஒரு பிழை. ஸ்டாப்வாட்சில் நேரம், ரெக்கார்டு நோட்டில் பிழைக் கணக்கு. திரும்பத் திரும்பச் செய்யும்போது இரண்டும் குறைந்துகொண்டே வரும். வலக்கையால் பழகியபின் இடக்கைக்கு மாற்றினால், பழகாத அந்தக் கையும் முன்பைவிடத் தேறியிருக்கும். கற்றது கையில் மட்டும் தங்குவதில்லை என்பதை அந்தப் பிள்ளை கண்ணாலேயே பார்த்துவிடுகிறாள்.

இந்த அனுபவம் தபாலில் வராது. கல்லூரி அருகில் இல்லாதவர்கள் பலர் அஞ்சல்வழியில்தான் உளவியல் பட்டம் வாங்கினார்கள். 2021ஆம் ஆண்டின் துணைமருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்துக்குள் உளவியலும் வருகிறது. அதைக் காட்டி, 2025 கல்வியாண்டு முதல் தொலைநிலையிலும் இணையவழியிலும் உளவியல் படிப்புக்குப் புதுச் சேர்க்கை கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு அறிவித்துவிட்டது. நேரில் பழகாமல் மனநலம் பார்க்க வரக்கூடாது என்பது நியாயமான வாதம். ஆனால் அந்தச் சுமை முழுக்க அருகிலுள்ள கல்லூரிமேல் விழுகிறது. அருகில் துறை இல்லாத ஊரில் அம்மாவின் கேள்வி இன்னும் கனமாகிறது.

கல்கத்தாவில் பாடத்திட்டம் வந்தபின் ஆசிரியர் வந்துசேர 11 ஆண்டு ஆயிற்று. இன்றைக்குப் பாடத்திட்டத்துக்குப் பஞ்சமில்லை, கண்ணாடிப் பலகைக்குப் பெரிய செலவும் இல்லை. தென்காசிப் பக்கம் எந்தக் கல்லூரி நிர்வாகமாவது துறை தொடங்க நினைத்தால், கட்டடத்துக்கு எஸ்டிமேட் போடுவதற்கு முன்னால் நிரந்தரச் சம்பளத்தில் இரண்டு ஆசிரியர்களைப் போடட்டும். பிறந்த கதை முழுக்கச் சொல்வது அவ்வளவுதான்: ஆள் வந்த அன்றுதான் துறை பிறந்திருக்கிறது.