டி ஃபேக்டோவா, டி ஜூரேவா?

ஆகஸ்ட் 15 கொடியேற்றி முடிந்த மறுநாளும் புதுச்சேரியில் லீவு. வெளியூரிலிருந்து வந்திருந்த நண்பர் ஒருமுறை கேட்டார்: "சுதந்திர தினம்தான் நேத்தே முடிஞ்சிடுச்சே, இன்னைக்கு என்ன?"

"டி ஜூரே டே" என்றேன்.

"அப்போ நவம்பர் 1?"

"அது டி ஃபேக்டோ."

"ரெண்டும் ஒண்ணுதானே!"

ஒன்றில்லை. ஆங்கிலத்தில் புழங்கும் இந்த இரண்டு லத்தீன் தொடர்களையும் பலர் மாற்றிப் போடுகிறார்கள். 'டி ஃபேக்டோ' என்றால் நடைமுறையில். 'டி ஜூரே' என்றால் சட்டப்படி. வீட்டுப் பத்திரம் அப்பா பேரில் இருக்கிறது, வாடகையை வாங்கிச் செலவு செய்வது மூத்த மகன் என்று வைத்துக்கொள்வோம். மகன் டி ஃபேக்டோ உரிமையாளர், அப்பா டி ஜூரே உரிமையாளர். பல பேர் டி ஃபேக்டோவை 'அதிகாரபூர்வமான' என்ற பொருளில் எழுதுகிறார்கள். அது நேர் எதிர்.

புதுச்சேரி இந்தப் பத்திரக் கணக்கில் ஏழே முக்கால் வருஷத்துக்கு மேல் இருந்தது.

1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் வாக்களித்தார்கள். இந்தியாவோடு இணைய 170 பேர் ஆதரவு, 8 பேர் எதிர்ப்பு. மூன்றாம் நாள் டெல்லியில் ஒப்பந்தம். நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியா கைக்கு வந்தது. அலுவலகம், போலீஸ், வரி எல்லாம் இந்திய அரசிடம். ஆனால் மண்ணின் இறையாண்மை பிரான்ஸிடமே இருந்தது. அதனால்தான் வெளிநாட்டு அதிகார வரம்புச் சட்டம், 1947 என்ற சட்டத்தின் கீழ் இந்தியா புதுச்சேரியை நிர்வகித்தது. சட்டத்தின் பெயரைக் கவனியுங்கள்.

உரிமையை விட்டுக்கொடுக்கும் உடன்படிக்கை 1956 மே 28-ல் கையெழுத்தானது. பிரெஞ்சு நாடாளுமன்றம் அதற்கு ஒப்புதல் தர 1962 ஜூலை ஆயிற்று. அல்ஜீரியப் போர் ஓய்ந்ததும் அந்த ஆண்டில்தான். ஒப்புதல் பத்திரங்கள் கைமாறிய நாள் ஆகஸ்ட் 16. அரசியல் சட்டத்தின் 14-ஆவது திருத்தம் அந்தத் தேதியிலிருந்துதான் புதுச்சேரியை யூனியன் பிரதேசமாகச் சேர்த்தது. சந்தன்நகரிலும் இதே கதை: டி ஃபேக்டோ 1950, டி ஜூரே 1952.

சரி, வெறும் வார்த்தை வித்தியாசம்தானே என்றால், இல்லை. குடியுரிமைக் கணக்கு தொடங்கியது 1954-லிருந்து இல்லை, 1962-லிருந்து. இங்கே பிறந்து, அன்றைக்கு இங்கேயே குடியிருந்த பிரெஞ்சுக் குடிமக்கள் இந்தியக் குடிமக்கள் ஆனார்கள். பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டுமென்றால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். அன்று சைகோனிலோ பாரிஸிலோ குடியிருந்தவருக்கு அந்த வேலையே இல்லை; எழுதிக் கொடுக்காமலே அவர் பிரெஞ்சுக்காரராக நீடித்தார். கூடப் பிறந்த அண்ணன் தம்பி இருவர் இரண்டு நாட்டுக்காரர் ஆக, அன்று எங்கே குடியிருந்தார்கள் என்பதே போதும். இங்கே சிலர் வீட்டில் பிரெஞ்சு பென்ஷனும் பாஸ்போர்ட்டும் இருக்க, பக்கத்து வீட்டில் இல்லாததற்குப் பின்னால் இந்தத் தேதிக்கும் பங்கு உண்டு.

எனவே "1954-ல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவுடன் இணைந்தது" என்று எழுதினால் தப்பு. "1962 வரை பிரெஞ்சுக்காரர்கள் ஆண்டார்கள்" என்பதும் தப்பு. ஆட்சி போனது 1954-ல், உரிமை போனது 1962-ல்.

எல்லாம் கேட்டுவிட்டு நண்பர் சொன்னார்: "அப்போ சாவி முதல்ல, பத்திரம் அப்புறம்." அவ்வளவுதான். இனி அவருக்கு மாறிப் போகாது.