மழலையர் செயலட்டைகள்: மாத்தளை மாவட்டம்

மூன்று முதல் எட்டு வயது வரையான பிள்ளைகள் கோடு வரையவும், நிறந்தீட்டவும், வெட்டி ஒட்டவும், எண்ணிப் பார்க்கவும், பொருத்தவும் ஏற்றவாறு அச்சிட்ட தனித் தாளைச் செயலட்டை என்கிறோம். பயிற்சித்தாள் என்றும் சொல்வதுண்டு. பாடநூலைப் போல இது தைத்துக் கட்டப்படுவதில்லை. ஆகவே எந்தப் பிள்ளைக்கு எந்தத் தாள் வேண்டுமோ அதை மட்டும் எடுத்துக் கொடுக்கலாம், வீட்டுக்கும் அனுப்பலாம். இலங்கையின் மாத்தளை மாவட்டத்தில் முன்பள்ளிகளிலும், தோட்டங்களின் சிறுவர் அபிவிருத்தி நிலையங்களிலும், ஆரம்பப் பாடசாலைகளிலும் இத்தகைய தாள்கள் புழங்குகின்றன.

மத்திய மாகாணத்தைச் சேர்ந்த இம்மாவட்டத்தில் சிங்களம் பேசுவோரே பெரும்பான்மையினர். தமிழ் மொழிமூலம் கற்கும் பிள்ளைகள் ஒரே வகையினர் அல்லர். மாத்தளை நகரத்துப் பிள்ளைகள், எல்கடுவ, கந்தேநுவர, கம்மடுவ போன்ற தோட்டப் பகுதிகளின் மலையகப் பிள்ளைகள், உக்குவளை, கலேவெல முதலிய இடங்களின் முஸ்லிம் பிள்ளைகள் எல்லோரும் அரசு வெளியிடும் அதே தமிழ்ப் பாடநூலையே வைத்துப் படிக்கிறார்கள். ஆனால் வீட்டில் பேசும் தமிழ் இம்மூன்று பிரிவினருக்கும் வேறு வேறு. அவர்கள் அன்றாடம் காணும் பொருள்களும் வேறு. பாடநூலால் இந்த வேறுபாட்டுக்கு இடங்கொடுக்க முடியாது. ஆசிரியர் தாமே ஆக்கும் தாளால் முடியும். மாத்தளையில் செயலட்டைக்கு உள்ள தனி மதிப்பு இதிலிருந்தே வருகிறது.

வரலாறு

எழுத்தைத் தாங்கும் பொருளுக்கும் இம்மாவட்டத்துக்கும் பழைய உறவு உண்டு. அதுவரை வாய்மொழியாகக் காக்கப்பட்ட பாலி பௌத்த நூல்கள், பொது ஆண்டுக்கு முன் முதலாம் நூற்றாண்டில் வலகம்பா மன்னன் காலத்தில், மாத்தளை நகருக்கு வடக்கே உள்ள அலுவிகாரையில் ஓலையில் எழுதப்பட்டன என்பது மரபு. சிறு பிள்ளைகளுக்கோ ஓலை பிந்தியது, மணலே முந்தியது. திண்ணைப் பள்ளியில் ஆசான் பிள்ளையின் விரலைப் பிடித்து மணலில் எழுதுவிப்பார். பிள்ளை அதன்மேல் மீண்டும் விரலோட்டும். பிறகு அதை அழித்துவிட்டுத் தானாக எழுதும். 1789இல் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் அநாதைப் பிள்ளைகளுக்கான பள்ளிக்குப் பொறுப்பேற்ற அண்ட்ரூ பெல் இந்த மணலெழுத்தைக் கண்டு தம் பள்ளியில் புகுத்தினார். பெரிய பிள்ளைகள் சிறியவர்களுக்குக் கற்பிக்கும் வழக்கத்தையும் சேர்த்து, 1797இல் இங்கிலாந்தில் அதைப் பற்றி நூல் வெளியிட்டார். ‘மதராஸ் முறை’ என்ற பெயரில் அது அங்கே பரவியது. விரலோட்டி எழுதும் அவ்வழக்கம் இன்றும் அற்றுப்போகவில்லை. விஜயதசமியன்று ஏடு தொடக்கும்போது பிள்ளையின் விரல் பச்சரிசியில்தான் முதல் எழுத்தை எழுதுகிறது.

அச்சு வந்த பிறகு ஆறுமுக நாவலர் யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் அச்சுக்கூடம் நிறுவி, 1850களின் தொடக்கத்தில் பாலபாடங்களை வெளியிட்டார். அவை வாசிப்பு நூல்கள். பிள்ளை தன் கையால் எழுதி நிரப்பும் தாள் பொதுவழக்குக்கு வர ரோனியோ பொறி வரவேண்டியிருந்தது. மெழுகுத்தாளில் ஆசிரியர் எழுத்தாணியால் கீறிக் கொடுத்தால், ஒரு வகுப்புக்கு வேண்டிய படிகளை அது எடுத்துத் தந்தது. அடுத்து போட்டோக்கொப்பி வந்தது. இப்போது ஆசிரியர் தட்டச்சுச் செய்த கோப்பு வாட்ஸ்அப் வழியாகப் பெற்றோரின் கைப்பேசிக்குப் போய், அருகிலுள்ள கொமியுனிகேஷன் கடையில் தாளாகிறது.

பாடத்திட்டத்தில் இடம்

இலங்கையின் ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் 1998இல் கம்பஹா மாவட்டத்தில் தொடங்கி, 1999இல் நாடு முழுவதற்கும் விரிந்தது. கற்றல் மூன்று விதமாக நடக்கவேண்டும் என்றது அது: வழிகாட்டப்பட்ட விளையாட்டு, செயற்பாடு, மேசை வேலை. தரம் 1, 2 அடங்கிய முதன்மை நிலை ஒன்றில் விளையாட்டே மேலோங்கும். தரம் 3, 4இல் மூன்றும் ஏறத்தாழச் சமமாகும். தரம் 5இல் மேசை வேலை கூடும். செயலட்டை மேசை வேலையைச் சேர்ந்தது. எனவே சிறிய வகுப்புகளில் அதன் பங்கு மிகக் குறைவாகத்தான் இருக்கவேண்டும் என்பது அரசின் பாடத்திட்டமே சொல்லும் கருத்து. முன்பள்ளிகள் இதற்கு நேர்மாறாக நடக்கும் இடங்கள் ஏராளம். மூன்றரை வயதுப் பிள்ளை கொப்பி நிறைய எழுதி வந்தால்தான் படிப்பு நடக்கிறது என்று பெற்றோர் எண்ணுகிறார்கள். அந்த எதிர்பார்ப்புக்கு ஆசிரியை இணங்க நேர்கிறது. இது பிள்ளைக்குச் செய்யும் தீங்கு என்றே சொல்லவேண்டும்.

கையும் எழுத்தும்

பிள்ளையின் கை ஒரு வரிசையில் முதிர்கிறது. இரண்டு வயதளவில் நிலைக்கோடு வரும், அதன் பின் கிடைக்கோடு. மூன்று வயதில் வட்டம், நான்கில் கூட்டல் குறி, அதையடுத்துச் சதுரம், ஐந்து வயதைத் தாண்டி முக்கோணம் என்று போகும். வட்டம் போட வராத பிள்ளையிடம் ‘அ’ எழுதும் தாளைக் கொடுப்பதில் பயனில்லை. நெடுங்கணக்கு வரிசையும் கைக்கு ஏற்ற வரிசை அன்று. நேர்க்கோடுகளால் அமைந்த ட, ப, அவற்றையொட்டி ம, ய என்று தொடங்கிச் சுழியுள்ள எழுத்துக்களுக்குப் போவதே எளிது. இ, ஐ, ஞ போன்றவை பிந்தி வரலாம்.

தமிழ் எழுத்துக்கென்றே சில நுணுக்கங்கள் உள்ளன. எங்கே தொடங்கி எந்தப் பக்கம் திரும்புவது என்பதைச் சிறு அம்பால் காட்டவேண்டும். தவறான திசையில் பழகிய சுழியைப் பிறகு திருத்துவது கடினம். கொம்பு உயிர்மெய்க்கு முன்னால் நின்றாலும் ஒலி பின்னால் வருவதைப் பிள்ளை விளங்கிக்கொள்ள நாளாகும். எல்லாவற்றிலும் கூடுதல் பயிற்சி உகர, ஊகார வரிசைகளுக்குத்தான் தேவை. கு, சு, து, பு, மு என்று வடிவம் எழுத்துக்கு எழுத்து மாறுவதால் அங்கே ஒரே விதி செல்லாது. இணையத்தில் கிடைக்கும் தாள்கள் பலவும் உயிரெழுத்தோடு நின்றுவிடுகின்றன. உண்மையில் பிள்ளை தடுமாறும் இடத்துக்குத் தாள் இல்லை.

புள்ளிகளை இணைத்து எழுதும் தாளே எங்கும் அதிகம். அதைப் பற்றி ஓர் ஆய்வு எச்சரிக்கிறது. அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கரின் ஜேம்ஸ், லோரா எங்கல்ஹார்ட்டோடு சேர்ந்து 2012இல் வெளியிட்ட ஆய்வில், இன்னும் வாசிக்கப் பழகாத ஐந்து வயதுப் பிள்ளைகள் எழுத்துக்களை மூன்று விதமாகப் பயின்றார்கள். பார்த்துத் தாமே எழுதுவது ஒன்று, புள்ளிக்கோட்டின் மேல் எழுதுவது இன்னொன்று, விசைப்பலகையில் தட்டுவது மற்றொன்று. பின்னர் அந்த எழுத்துக்களைப் பார்த்தபோது, தாமே எழுதிப் பழகியவற்றுக்குத்தான் மூளையில் வாசிப்புக்குரிய பகுதிகள் இயங்கின. கோணலாக வந்தாலும் பிள்ளை தானே எழுதுவதுதான் கற்றல். மணலை அழித்துவிட்டுத் தானாக எழுதவைத்த திண்ணை ஆசான் இதை அனுபவத்தால் அறிந்திருந்தார். ஆகவே நல்ல எழுத்துத் தாளில் புள்ளிக்கோட்டு எழுத்து இரண்டு மூன்று போதும். கீழே பாதித் தாள் வெறுமையாக இருக்கவேண்டும்.

தோட்டமும் வீடும்

கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுச்செல்லும் இடத்தைத் தோட்டத்து மக்கள் பிள்ளைக் காம்பரா என்பார்கள். அது இன்று சிறுவர் அபிவிருத்தி நிலையம் ஆகியிருக்கிறது. அங்கே பாலூட்டும் பருவத்துக் குழந்தையும் பாடசாலைக்குப் போகவிருக்கும் பிள்ளையும் ஒரே கூரையின் கீழ் இருப்பார்கள். எல்லோருக்கும் ஒரே தாளைக் கொடுப்பது அங்கே பொருந்தாது. தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்தில் மேசை இருப்பது அரிது. பிள்ளை தரையில் குப்புறப் படுத்துத்தான் எழுதும். தாய் வீடு திரும்ப மாலையாகிவிடும். பெரும்பாலும் மூத்த பிள்ளையே தம்பி தங்கைக்குச் சொல்லிக்கொடுக்கும். வீட்டுக்கு அனுப்பும் தாள் இந்த நிலைமைக்கு ஏற்றதாக வேண்டும்: ஒரு தாளில் ஒரே வேலை, பெரிய படம், பத்து வயது அண்ணன் வாசித்து விளக்கக்கூடிய ஒற்றை வரிக் குறிப்பு.

2020 மார்ச் நடுப்பகுதியில் கொரோனாத் தொற்றால் நாட்டின் பாடசாலைகள் மூடப்பட்டபோது, அச்சுத் தாளின் தேவை எல்லோர்க்கும் புரிந்தது. கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ இணையத்தளமும் தொலைக்காட்சிப் பாடங்களும் இருந்தன. ஆனால் மலைச்சரிவுகள் பலவற்றில் சமிக்ஞை கிடைக்கவில்லை. வீட்டில் இருந்த ஒரு கைப்பேசியையும் வேலைக்குப் போகும் தகப்பன் எடுத்துச் சென்றுவிடுவார். மலையகத்திலும் பின்தங்கிய கிராமங்களிலும் ஆசிரியர்கள் தாள்களைப் படியெடுத்துப் பிள்ளைகளிடம் சேர்ப்பித்தார்கள். செயலட்டைக்கு மின்சாரமோ டேட்டாவோ வேண்டாம் என்பது சிறிய நன்மை அன்று.

தாளும் எப்போதும் கிடைக்கும் பொருள் அன்று என்பதை 2022இன் பொருளாதார நெருக்கடி காட்டியது. அந்த ஆண்டு மார்ச்சில் கடதாசியும் மையும் இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகள் ஒத்திவைக்கப்பட்டன. இதற்கு ஒரு மாற்றுவழி உண்டு. தாளைத் தெளிவான பிளாஸ்டிக் உறைக்குள் இட்டு, வெள்ளைப்பலகை எழுதுகோலால் மேலே எழுதி, துணியால் துடைத்துவிட்டால் ஒரே தாளை ஒரு வகுப்பே மாறி மாறிப் பயன்படுத்தலாம். ஒரு பக்கம் அச்சான அலுவலகத் தாள்களின் மறுபக்கமும் நிறந்தீட்டப் போதும்.

உள்ளூர்ப் பொருள்

வெளிநாட்டுத் தளங்களிலிருந்து எடுக்கும் தாள்களில் பனிமனிதனும் ஸ்ட்ரோபெரியும் வருகின்றன. மாத்தளைப் பிள்ளைக்குத் தெரிந்தவை மிளகு, கராம்பு, சாதிக்காய், ஏலம், கொக்கோ, இறப்பர், கொழுந்துக் கூடை. தம்புள்ளைப் பக்கத்துப் பிள்ளைக்குப் பெரிய வெங்காயமும் மரக்கறி ஏற்றும் லொறியும் தெரியும். எண் கற்பிக்க இறப்பர் விதையைப் போன்ற நல்ல பொருள் இல்லை. வழவழப்பாக, வரியோடியதாக, எண்ணக் கைக்கு அடக்கமாக இருக்கும். நஞ்சுத் தன்மை உள்ளதால் பிள்ளை அதை வாயில் வைக்காமல் பெரியவர் பார்த்திருக்கவேண்டும். மிகச் சிறிய பிள்ளைகளுக்கு அதைக் கொடுக்காமல் இருப்பதே நல்லது. விதைகளை எண்ணி வைத்த பிறகு, விதைப் படம் அச்சிட்ட தாளில் அதே எண்ணிக்கைக்கு நிறந்தீட்டட்டும். மிளகு, கராம்பு, கறுவா ஆகியவற்றைக் கண்ணை மூடி மோந்து பார்த்துவிட்டுப் படத்தோடு பொருத்தும் தாளை இம்மாவட்டத்தில் எந்த ஆசிரியையும் செலவின்றி ஆக்கலாம். சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் என்ற பாடத்துக்கு அது நேராகப் பொருந்தும். பொருள் முதலில், தாள் பிறகு என்ற வரிசை மாறக்கூடாது.

தாள் ஆக்குவோர் எழுத்துருவையும் கவனிக்கவேண்டும். இலங்கையில் இன்றும் பரவலாக வழங்கும் பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்த கோப்பை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் தமிழுக்குப் பதில் பொருளற்ற ஆங்கில எழுத்துக்களே வரும். ஒருங்குறியில் தட்டச்சுச் செய்து, பிடிஎஃப் கோப்பாக மாற்றி அனுப்பினால் இந்தத் தொல்லை இல்லை. எழுதப் பழகும் தாளுக்கு அழகு எழுத்துருக்கள் ஆகா. கையெழுத்துக்கு நெருங்கிய, ஒரே தடிப்புள்ள எழுத்தே ஏற்றது.

தமிழ்நாட்டு அனுபவம்

சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003இல் தொடங்கிய செயல்வழிக் கற்றல், ஆந்திரப் பிரதேசத்து ரிஷிவேலி கிராமியப் பள்ளிகளின் முறையைப் பின்பற்றிப் பாடத்தை அட்டைகளாகப் பிரித்தது. பிள்ளை ஏணிப்படி வரிசையில் தன் வேகத்தில் ஏறியது. பின்னர் அது மாநிலம் முழுவதும் பரவியது. கொரோனாக் காலக் கற்றல் இழப்பை ஈடுசெய்ய 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம், அரும்பு, மொட்டு, மலர் என்ற மூன்று நிலைகளில் பயிற்சி நூல்களைத் தந்தது. ஒரே வகுப்பில் இருந்தாலும் எல்லாப் பிள்ளைகளும் ஒரே படியில் இல்லை என்பதை இரண்டுமே ஒப்புக்கொண்டன. ஒரே ஆசிரியர் பல தரங்களைச் சேர்த்துக் கற்பிக்கும் சிறிய தோட்டப் பாடசாலைக்கு இந்த எண்ணம் மிக உதவும். கதைத் தாள்களுக்கு, பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் அச்சிட அனுமதியுள்ள தமிழ்ச் சிறுவர் கதைகள் கிடைக்கின்றன.

புலமைப்பரிசில் நிழல்

தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை பெயர்பெற்ற பாடசாலைகளில் இடமும், வசதி குறைந்தோருக்கு உதவிப் பணமும் பெற்றுத் தருகிறது. அதற்காக அச்சாகும் மாதிரி வினாத்தாள்களே இன்று கடைகளில் விற்கும் பயிற்சித் தாள்களில் பெரும்பகுதி. தோட்டத்துப் பிள்ளை ஒன்று அப்பரீட்சையில் சித்தியடைவது ஒரு குடும்பத்தின் வாழ்வையே மாற்றக்கூடியது. அதைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் சரியான விடைக்குக் கோடிடும் அதே வடிவம் தரம் 1 வரை இறங்கிவிட்டது. படம் பார்த்துக் கதை சொல்லவேண்டிய வயதில் பிள்ளை விடை தேடுகிறது.

மாத்தளையின் ஆசிரியைகள் தாங்கள் ஆக்கும் தாள்களை ஒரு கோப்பில் சேர்த்துவைத்து, பக்கத்துப் பாடசாலைக்கும் கொடுக்கவேண்டும். பெற்றோர் மாலையில் பத்து நிமிடம் பிள்ளையின் அருகே அமர்ந்து, தாளில் என்ன இருக்கிறது என்று அதன் வாயால் சொல்லக் கேட்கவேண்டும். திருத்துவது அதற்குப் பிறகு நடக்கட்டும்.